அடுத்தவன் டோக்கன்

அத்தியாயம் பதினொன்று

சிங்கப்பூர்க் கம்பெனிக்காரர்கள் வேலை விஷயமாகப் போன் செய்வதாகச் சொன்ன வியாழக்கிழமை வந்துவிட்டது. வேதா அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லாததற்குக் காரணம் உண்டு. தம்பியிடம் சொல்லாததற்கும் உண்டு. தம்பி மனைவி பத்மப்ரியாவிடம் சொல்லாததற்குக் காரணமே வேண்டாம். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியும் இந்த வீட்டில் நடப்பது எதுவும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் முதலில் பார்ப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. குணசேகரன் வேதாவுக்கு மூன்று வயது இளையவன். ஒன்றரை வருஷமாக இங்கிலாந்தில் ஒரு சரக்கு லாரிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறான். ஹைதராபாத் அமீர்பேட்டையில் ஒரு கன்சல்டன்சி அவனுக்கு இல்லாத அனுபவத்தை எழுதிச் சேர்த்து, ஒர்க் பர்மிட் வாங்கிக் கொடுத்து, விமானம் ஏற்றிவிட்டது. போன முதல் வாரமே ஆபீஸ் கழிப்பறையில் நின்றுகொண்டு அக்காவுக்குப் போன் போட்டு அழுதான். வேலை தெரியவில்லை.

வேதாவுக்குத் தெரியும். ஹப்சிகுடாவில் ஒரு கம்பெனியில் அதே வேலையைத்தான் அவள் ஐந்து வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள். மூன்று மாதம் தாங்கிப் பிடி, அதற்குள் கற்றுக்கொள்கிறேன் என்றான். அவள் தன் வேலையை விட்டாள். அவன் கற்றுக்கொள்ளவில்லை. இவள் அவ்வளவு சுத்தமாகச் செய்ததில் அவனுக்குக் கற்றுக்கொள்ளும் அவசியமும் வரவில்லை.

மல்லாபூர் வீட்டின் பின்னறையில் அவளுடைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் நுழைந்தால் குணாவின் மேஜைமேல் இருக்கும் லேப்டாப்பின் திரை அப்படியே இங்கே விரியும். இவள் மவுஸை நகர்த்தினால் அங்கே அம்பு நகரும். இவள் தட்டினால் அங்கே எழுத்து விழும். குணா அதன் முன்னால் கையைக் கீபோர்டுமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் செய்யும் வேலை அவ்வளவுதான்.

அதற்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். அவன் சீட்டை விட்டு எழுந்தால் ஒரு மிஸ்டு கால். உடனே இவள் கையை எடுத்துவிட வேண்டும். ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் எழுத்து தானாக ஓடுவதைப் பக்கத்து மேஜைக்காரன் பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் இரண்டு மிஸ்டு கால். இந்த விதி ஒரு நாளும் பிசகியதில்லை.

சிங்கப்பூரிலிருந்து போன் வந்தபோது வேதா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈரத் துணிகளுக்கு நடுவிலேயே நின்று பேசினாள். பக்கத்து மருந்து ஆலையின் நாற்றம் அன்று காற்றோடு இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டால் குரல் அடைத்துக்கொள்ளும் என்று அதையும் செய்யவில்லை.

முதலில் ஒரு பெண் பேசினாள். பிறகு ஒரு ஆள் வந்து கேள்வியாகக் கேட்டுத் தள்ளினான். வேதாவுக்குத் தயக்கமே இல்லை. லட்சக்கணக்கான வரிகள் உள்ள பட்டியலில் தேடுதல் ஏன் திணறும், எங்கே வெட்டினால் ஓடும் என்று அவள் சொல்லச் சொல்ல அந்த ஆள் சிரித்தே விட்டான். இதைப் புத்தகத்தில் படித்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள், கையால் செய்திருக்கிறீர்கள் என்றான். எங்கே செய்தீர்கள் என்றும் கேட்டான்.

அங்கேதான் நின்றது.

வீட்டிலிருந்து ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு என்றாள். எந்தக் கம்பெனி, யாருக்குக் கீழே என்று கேட்டார்கள். கடைசி ஒன்றரை வருஷம் வெற்றிடமாக இருந்தால் அவர்கள் நாட்டில் வேலை பார்க்க அனுமதிக்கும் பாஸுக்கு எழுதிப் போட முடியாது. உங்களிடம் வேலை வாங்கிய ஒருவருடைய பெயரும் போன் நம்பரும் போதும், அவரோடு ஐந்து நிமிஷம் பேசிக்கொள்கிறோம், நாளைக் காலைக்குள் அனுப்புங்கள் என்று அந்தப் பெண் மரியாதையாகவே சொன்னாள்.

வேதா என்ன வேலை செய்தாள் என்று சாட்சி சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். குணாவின் மேனேஜர், கீத். தினமும் அவள் செய்ததைப் பார்த்தவன், பாராட்டியவன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவனுடைய கால்பந்து டீம் ஜெயித்ததா தோற்றதா என்று இணையத்தில் பார்த்துவிட்டு அதற்கேற்ற ஒரு கிண்டலோடுதான் அவள் அன்றைய வேலையை ஆரம்பிப்பாள். கீத் விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதுவான். நேரில் நீ ஊமை, எழுத்தில் வேற ஆள் என்று ஒரு தரம் குணாவிடம் சொன்னானாம். குணா அதை ஒரு ஜோக்காக அக்காவிடம் சொன்னான்.

வேதா என்று ஒருத்தி இருப்பதே கீத்துக்குத் தெரியாது.

மாடியிலிருந்தே தம்பிக்குப் போன் போட்டாள். அங்கே இன்னும் விடியவில்லை.

"அக்கா, இங்க மணி என்ன தெரியுமா?"

"தெரியும். எழுந்து உக்காரு."

எல்லாவற்றையும் சொன்னாள்.  கீத்திடம் ஏதாவது சொல்லி, சிங்கப்பூர்க்காரர்களுக்கு அவன் பெயரைத் தர வேண்டும் என்று அவள் முடித்த பிறகுதான் குணா வாயைத் திறந்தான்.

"உனக்கென்ன பைத்தியமா? நான் என்னன்னு சொல்லுவேன் அவன்கிட்ட?"

"உண்மையைத் தவிர எதையாவது சொல்லு. அதுல பழகினவன்தானே நீ."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளும் தைரியமும் அவனிடம் இல்லை. இன்று ப்ரியாவின் பாஸ்போர்ட் கூரியரில் திரும்பி வருகிறது, விசா குத்தியிருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாது, இந்த நேரத்தில் கீத்திடம் போய் எதையாவது உளறினால் தன் பர்மிட்டும் போகும், அவள் விசாவும் போகும் என்றான். அவள் முதலில் இங்கே வந்து சேரட்டும் என்றான்.

"அப்புறம்?"

"அப்புறம் பர்மிட் எக்ஸ்டென்ஷன் ஒண்ணு இருக்கு. அதுவும் முடிஞ்சிடட்டும்."

"எனக்கு முப்பத்தொண்ணு ஆவுதுடா."

 சின்ன வயசில் இருட்டில் கூப்பிடுவானே, அந்தக் குரலில் கேட்டான்.

"நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்க்கா?"

இத்தனை நாள் வேதாவைக் கட்டிப்போட்டிருந்தது இந்தக் கேள்விதான். இன்று அவள் பதில் சொல்லாமல் போனை வைத்தாள். பக்கெட்டில் மிச்சமிருந்த துணியையும் உதறிப் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினாள்.

சம்பந்தம் வேலை முடிந்து வந்திருந்தார். வேதாவின் அப்பா. ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் கொல்லுப்பட்டறையில் முப்பது வருஷம் சம்மட்டி பிடித்தவர். ஸ்டீம் ஹாம்மர் சத்தத்தில் இடது காது போய்விட்டது. மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், ரிட்டயர் ஆன கையோடு நாச்சாரத்தில் ஒரு லேத் ஷெட்டில் காலை வேலைக்குச் சேர்ந்துகொண்டார். மகள் வீட்டிலிருந்தபடியே லண்டன் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அது பொய்யில்லை. யார் பெயரில் பார்க்கிறாள் என்பதைத்தான் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பத்மப்ரியா மாமனாருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். போடுவதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தாள். அரக்கோணத்துப் பெண். தெலுங்கு தெரியாது. கூரியர்காரன் வழி கேட்டால் எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்தே கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே செல்போன் வேதா கையில் இருந்தது, விண்ணப்பத்தில் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள்.

"வந்தா வரான், வராங்காட்டி போறான். நீ சோத்தப் பாத்துப் போடும்மா, இலைக்கு வெளிய போவுது," என்றார் சம்பந்தம்.

"விசா குத்தலன்னா மறுபடியும் ஆறு மாசம் ஆவுமாம் மாமா."

"இங்க இன்னா, உன்ன நாங்க பட்டினியா போட்டோம்?"

அவள் சிரித்தாள். வேதா சிரிக்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். போன் இரண்டு தரம் அடித்து அடித்து நின்றது. குணா வந்து உட்கார்ந்துவிட்டான்.

"டோக்கன் போட்டாச்சா?" என்று கேட்டார் சம்பந்தம்.

தினமும் கேட்பதுதான். ஒர்க்‌ஷாப்பில் ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன். காலையில் அதை எடுத்துப் பெட்டியில் போட்டால்தான் அன்றைக்கு ஆள் வந்ததாகக் கணக்கு. யாதகிரி என்று ஒருவன், குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்த சித்தப்பா மகனுடைய டோக்கனையும் சேர்த்துப் போட்டு, இரண்டு பேர் வேலையையும் ஒருவனே செய்திருக்கிறான். வாரக்கணக்கில் செய்திருக்கிறான். பிடிபட்டபோது வேலை ஒழுங்காக நடந்ததா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார்கள். சம்பந்தம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் யாதகிரியின் வேலைச் சுத்தத்தைப் பற்றித்தான் சொல்வார். அப்படி ஒரு அடி அடிப்பானாம்.

"போட்டாச்சு நைனா," என்றாள் வேதா. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று அங்கே பெரிய நாள். கிடங்கிலிருந்து எந்த லாரி எந்தக் கடைக்கு எந்த வரிசையில் போக வேண்டும் என்று கணக்குப் போடும் புது மென்பொருள் அன்றுதான் ஓட ஆரம்பித்திருந்தது. முக்கால்வாசி வேதா எழுதியது. ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் எழுதியவர் குணசேகரன் என்று இருக்கும். அந்தப் பெயரை அடித்து அடித்துப் பழகி, போன மாதம் கேஸ் சிலிண்டர்காரனிடம் கையெழுத்துப் போடும்போதுகூட அவன் பெயரையே எழுத இருந்தாள்.

கீத் காலையிலேயே சாட்டில் ஒரு கேள்வி போட்டிருந்தான். மேற்குப் பக்கம் போகும் லாரிகள் மட்டும் திரும்பும்போது காலியாக வருவதாகக் கணக்கு காட்டுகிறது, ஏன் என்று. வேதா அதைத் தோண்ட உட்கார்ந்தாள். அந்த மதியம் முழுக்க எல்லாவற்றையும் மறந்தாள். மாடியில் பேசியதை மறந்தாள், தம்பியை மறந்தாள். இந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். பிடிக்காமலிருந்தால் என்றைக்கோ விட்டுத் தொலைத்திருப்பாள்.

நடுவில் பத்மப்ரியா கதவைத் தட்டினாள். கூரியர்காரன் இப்போது கூப்பிடுவான், போன் கிடைக்குமா அண்ணி என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

போன் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதுவும் விதிதான். ஆனால் வாசலுக்கும் அறைக்குமாகக் காலையிலிருந்து நடந்து நடந்து அந்தப் பெண்ணின் முகம் வாடிப் போயிருந்தது. பெரிய நாளில் குணா சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டான் என்று வேதாவுக்குத் தோன்றியது. எழுந்தாலும் தேநீருக்குத்தான் எழுவான்.

"எடுத்துக்க. வாங்கினதும் கொண்டாந்து குடு," என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

பிழை கிடைத்துவிட்டது. திரும்பும் பயணத்துக்குச் சரக்கு தேடும் இடத்தில், கிடங்கு மூடும் நேரத்தை ஒரு பழைய அட்டவணையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. அந்த அட்டவணை அவளுடையது இல்லை. எவனோ போட்டுவிட்டுப் போனது. மாற்றினாள். ஓட்டிப் பார்த்தாள். காலியாக இருந்த லாரிகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. அவளுக்கு எழுந்து நின்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆளில்லை. கீத்துக்கு எழுதினாள். பிழை எங்கே, எப்படித் திருத்தியது, எத்தனை லாரி மிச்சமாகும் என்று நான்கு வரி. இனிமேல் உங்கள் டீமைத் தவிர மேற்கே போகிற யாரும் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள் என்று கடைசியில் ஒரு கிண்டலும் சேர்த்து அனுப்பினாள்.

வழக்கமாக உடனே பதில் வரும். வரவில்லை.

கீத் எழுதுகிறான் என்று காட்டும் குறி மின்னியது. நின்றது. மறுபடி மின்னியது.

பிறகு வந்தது. "குணா இப்போது என் அறையில் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையும் மேஜைமேல் இருக்கிறது. அவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வதைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டேன். நீங்கள் யார்?"

வேதா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். விதிப்படி எடுக்க வேண்டிய நேரம் எப்போதோ போய்விட்டது.

கதவு திறந்தது. பத்மப்ரியா நின்றாள். ஒரு கையில் பிரித்த கவர், பாஸ்போர்ட். இன்னொரு கையில் போன். மூச்சு வாங்கியது, தெருமுனை வரை ஓடியிருக்கிறாள்.

"குத்திட்டாங்க அண்ணி. விசா குத்திட்டாங்க. இங்க பாருங்க." பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டினாள். ஒட்டியிருந்த விசாவில் அவள் படம் கொஞ்சம் பயந்தாற்போல் இருந்தது. "அவருக்கு எப்படித்தான் தெரிஞ்சிதோ. நான் கூரியர்காரன்கிட்ட பேசிட்டிருக்கேன், சரியா அவர் மிஸ்டு கால் குடுக்கறார். கையெழுத்துப் போட்டுட்டு நானும் ஒண்ணு குடுத்தேன்."

அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. புருஷன் மிஸ்டு கால் கொடுத்தால் பெண்டாட்டி என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள்.

சத்தம் கேட்டுச் சம்பந்தமும் வந்தார். சரியாகக் கேட்கும் காதைத் திருப்பிக்கொண்டு, விசா வந்ததா என்று கேட்டார். வந்தது என்று தெரிந்ததும் மருமகள் தலையில் கை வைத்தார். பிறகு மகள் முகத்தைப் பார்த்தார்.

"உனுக்கு இன்னாம்மா ஆச்சு?"

திரையில் கீத் மறுபடி எழுதியிருந்தான். "இருக்கிறீர்களா?"

வேதாவுக்கு இன்னும் வழி இருந்தது. நான் இங்கே கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஆள், குணா கேட்டு இந்த ஒரு நாள் உதவினேன் என்று எழுதலாம். கீத் நம்பினாலும் நம்புவான். குணாவும் அந்த அறையில் உட்கார்ந்து இப்படித்தான் ஏதோ உளறிக்கொண்டிருப்பான். விசா நிற்கும், பர்மிட் நிற்கும். நாளைக்கும் மதியம் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து வந்து இதே நாற்காலியில் உட்காரலாம்.

"நைனா," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "அங்க குணா ஒரு வேலையும் செய்யல. அவன் பேர்ல இத்தினி நாளா நான்தான் செஞ்சேன். இப்ப அவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு."

கேட்கும் காதில்தான் விழுந்தது. ஆனாலும் சம்பந்தம் கேட்காதவர் போல இன்னும் ஒரு அடி கிட்டே வந்தார். பத்மப்ரியா விரித்த பாஸ்போர்ட்டை மூட மறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ தினிக்கும் நான் கேட்டனே," என்றார் சம்பந்தம். "அவன் டோக்கனையா போட்டுகினு இருந்த?"

"ஹவ் நைனா," என்று ஆமோதித்துத் தலையாட்டினாள்.

 சம்பந்தம் சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். சம்மட்டி பிடித்த கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.

வேதா கீபோர்டின் பக்கம் திரும்பினாள். என்னவென்று எழுதுவது என்று அவள் யோசிக்கவில்லை. கை தானாக எழுதியது. "என் பெயர் வேதா. குணாவின் அக்கா. ஹைதராபாத்தில் இருக்கிறேன். முதல் வாரத்திலிருந்து எல்லாம் நான் எழுதியது."

அனுப்பும் விசையைத் தட்டிய அதே நேரத்தில் திரை கறுத்தது. கரண்ட் போகவில்லை, மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே யாரோ லேப்டாப்பை மூடிவிட்டார்கள். அந்த வரிகள் போய்ச் சேர்ந்தனவா, பாதி வழியில் நின்றுவிட்டனவா, தெரியவில்லை. மறுபடி நுழையப் பார்த்தாள். எதிர்முனை இல்லை என்று வந்தது.

போன் அடித்தது.

ஒரு தரம் அடித்து நிற்கும் என்று வேதா பார்த்தாள். நிற்கவில்லை. இரண்டு, மூன்று என்று அடித்துக்கொண்டே போயிற்று. பத்மப்ரியா நம்பரைப் பார்த்தாள். அவளுடைய புருஷன் நம்பர். சற்று முன் மாமனாரும் அண்ணியும் பேசியது அவளுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியையும் நம்ப அவளுக்கு மனம் வரவில்லை. போனைக் காதில் வைத்தாள்.

"வந்துடுச்சுங்க," என்றாள் எடுத்ததும். "விசா வந்துடுச்சு."

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சொன்னார்கள். அவள் புருவம் சுருங்கியது. இன்னொரு தரம் கேட்டாள். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து, சுடுகிற பாத்திரத்தை நீட்டுவது போல வேதாவிடம் நீட்டினாள்.

"அவரு இல்ல அண்ணி. யாரோ இங்கிலீஷ்காரர் பேசுறார். உங்க பேரைச் சொல்லிக் கேக்குறார்."